விருந்தினர் வைஃபையும் மாணவர் வைஃபையும்: சில கேள்விகள், சில பதில்கள்

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வைஃபை பராமரிப்பைக் கவனித்துவருகிறேன். கல்வியாண்டு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் எங்களிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலாண்டு மாணவி, வேளச்சேரி: ஐயா, விடுதியில் என் கைப்பேசி இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டுகிறது, ஒன்று விருந்தினருக்கு, மற்றொன்று மாணவர்களுக்கு. இரண்டிலும் இணையம் வருகிறது. எதில் இணைந்தால் என்ன?

இரண்டு பெயர்களும் பெரும்பாலும் கூரையில் மாட்டியிருக்கும் ஒரே கருவியிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் யார் என்பதை வலை எந்தக் கட்டத்தில் கேட்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. விருந்தினர் வலையில் கைப்பேசி முதலில் இணைந்துவிடும், வலையில் தன்னை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியும் பெற்றுவிடும். அதன் பிறகே ஒரு பக்கம் திறந்து கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் கேட்கும். மாணவர் வலையில் 802.1எக்ஸ் என்ற முறைப்படி, உங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரேடியஸ் என்ற, கணக்குகளைச் சரிபார்க்கும் சேவையகத்தில் சரிபார்க்கப்பட்டு, சம்மதம் வந்த பிறகே ஐபி முகவரி கிடைக்கும். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கூடத்துக்குள் வருபவரை வாசலிலேயே விசாரிப்பார்கள் என்பது போன்ற ஏற்பாடு இது.

இதிலிருந்து இன்னொரு வேறுபாடும் பிறக்கிறது. ஓடிபி கேட்டாலும் விருந்தினர் வலை பொதுவாகத் திறந்த வலைதான். உங்கள் கைப்பேசிக்கும் கூரைக் கருவிக்கும் இடையே காற்றில் போகும் தகவலை வைஃபை மறையாக்கம் செய்வதில்லை, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதில்லை. மாணவர் வலையிலோ ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு முறை இணையும்போதும், தனித்தனித் திறவுகோல் உருவாகிறது. பக்கத்து அறைத் தோழியும் அதே வலையில் இருந்தாலும் உங்கள் தகவலைக் காற்றிலிருந்து எடுத்துப் படிக்க அவரால் முடியாது. ஆகவே மாணவர் வலையிலேயே இணையுங்கள்.

மகனை விடுதியில் சேர்க்க வந்த தாயார், திருநெல்வேலி: விருந்தினர் வைஃபையில் விடுதிக் கட்டணம் செலுத்தலாமா?

செலுத்தலாம், அம்மா. வங்கிச் செயலி தன் தகவலைத் தானே மறையாக்கம் செய்து அனுப்புகிறது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வெளியே தெரியக்கூடும்; கடவுச்சொல் தெரியாது. ஆனால் அதே பெயரில் யாரும் ஒரு போலி வலையை உருவாக்கிவிட முடியும் என்பதால், பணம் அனுப்பும் அந்த ஐந்து நிமிடங்களுக்கு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வது நல்லது.

ஆய்வு மாணவர், தரமணி: என் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சிஏ சான்றிதழ் என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்து இணைந்துகொண்டிருந்தேன். புதிய கைப்பேசியில் அந்தத் தேர்வே இல்லை. என்ன செய்வது?

முதலில் ஓர் ஒப்புதல். அப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தாளை விடுதிச் சுவரில் ஒட்டியது எங்கள் மையம்தான். அது தவறான அறிவுரை.

வலை உங்களைச் சரிபார்ப்பது போலவே, நீங்களும் வலையைச் சரிபார்க்க வேண்டும். அதற்காகத்தான், எதிரே இருப்பது எங்கள் சேவையகமே என்று காட்டும் சான்றிதழ் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால், சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் பையில் வைத்திருக்கும் சிறு கருவி எங்கள் வலையின் பெயரைச் சொல்லி அழைத்தாலும் உங்கள் கைப்பேசி நம்பிப் போய்விடும். பல கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் பீப் (PEAP) என்ற உள்நுழைவு முறையில், கடவுச்சொல் தெரியுமா என்று சேவையகம் விடும் சவாலும் கைப்பேசி தரும் பதிலும் ஒரு பாதுகாப்பான சுரங்கத்துக்குள் செல்கின்றன. சுரங்கத்தின் மறுமுனையில் திருடனே உட்கார்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்புக்குப் பொருளில்லை. அங்கே கிடைக்கும் பதிலை உடைத்துவிடலாம் என்று 2012இலேயே வெளிப்படையாகச் செய்து காட்டிவிட்டார்கள். எங்கள் வளாகத்தில் அதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலையும் மதிப்பெண் பக்கத்தையும் திறக்கிறது என்பதால், இழப்பு வைஃபையோடு நிற்காது. 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11க்கு வந்த புதுப்பிப்பிலிருந்து கூகுள் அந்தத் தேர்வை நீக்கத் தொடங்கியது.

இப்போது சிஏ சான்றிதழில் ‘கணினிச் சான்றிதழ்களைப் பயன்படுத்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே டொமைன் என்று ஒரு கட்டம் வரும். அதில் எங்கள் ரேடியஸ் சேவையகத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். மின்னஞ்சல் முகவரியின் பின்பாதியை ஊகித்து எழுதிவிட்டு, இணையவில்லை என்று வருபவர்களே அதிகம். நிறுவனம் தானே வழங்கிய சான்றிதழைப் பயன்படுத்தினால் அதை முதலில் கைப்பேசியில் நிறுவ வேண்டும். அந்தக் கோப்பை எங்கள் மையத்திலிருந்து மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.

வருகைப் பேராசிரியர், மதுரை: விருந்தினர் வைஃபையில் ஆய்விதழ்கள் திறக்கவில்லையே?

பதிப்பகங்கள் பெரும்பாலும் ஐபி முகவரியைப் பார்த்தே ஒரு நிறுவனத்தை அடையாளம் காண்கின்றன. விருந்தினர் வலை வேறு முகவரித் தொகுப்பிலிருந்து வெளியே போவதால் அவற்றுக்கு நீங்கள் வெளியாள்தான். உங்கள் கல்லூரி, கல்வி நிறுவனங்களின் பொது வைஃபை ஏற்பாடான எடுரோமில் சேர்ந்திருந்தால் விருந்தினர் வலையே தேவைப்படாது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றிய இந்த ஏற்பாட்டை இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்நெட் ஒருங்கிணைக்கிறது. உங்கள் கல்லூரிக் கணக்கைக் கொண்டே இங்கு இணையலாம். சரிபார்ப்பு உங்கள் கல்லூரியின் சேவையகத்தில்தான் நடக்கும், கடவுச்சொல் எங்கள் கண்ணில் படாது. ஆனால் எடுரோமில் வருபவருக்கு ஆய்விதழ்களையும் திறந்துவிடுவதா என்பது ஒவ்வொரு வளாகமும் தானே முடிவுசெய்யும் விஷயம்.

முதுகலை மாணவி, அடையாறு: விருந்தினர் வைஃபையிலிருந்து துறையின் பிரிண்டருக்கு அனுப்ப முடியவில்லை.

முடியாதபடிதான் அமைத்திருக்கிறோம். விருந்தினர் வலை தனி விலான், அதாவது துறையின் கருவிகள் இருக்கும் வலையிலிருந்து பிரித்துவைத்த தனிப் பகுதி. அதற்குள் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவும் முடியாது.

கருத்தரங்கு ஒருங்கிணைப்பாளர், கிண்டி: சென்ற ஆண்டு மதியத்துக்கு மேல் வந்த யாருக்கும் விருந்தினர் வைஃபை கிடைக்கவில்லை. சிக்னல் முழுதாக இருந்தது. கருவியை மாற்ற வேண்டுமா?

மாற்றுவதற்கு முன் ஐபி முகவரிகள் மிச்சம் இருந்தனவா என்று பாருங்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியில் இதே கூத்து நடந்தது. விருந்தினர் வலைக்கு 254 முகவரிகள் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். ஒரு முறை கொடுத்த முகவரி முழு நாளும் அவர் பெயரிலேயே இருக்கும். காலையில் வந்து தேநீர் அருந்திவிட்டுக் கிளம்பியவரின் முகவரிகூட மாலைவரை திரும்பவில்லை. ஆளுக்கு ஒரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி என்று வைத்தால் 130 பேருக்குள் கணக்கு முடிந்துவிடும். நாங்கள் ஒரு முகவரி ஒருவர் பெயரில் இருக்கும் குத்தகை நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து, முகவரித் தொகுப்பையும் பெரிதாக்கினோம், கருவி அதேதான்.

இளங்கலை மாணவர், தாம்பரம்: நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பதைக் கணினி மையம் பார்க்குமா?

எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எந்த முகவரியில் இணைந்தது என்ற பதிவு இருக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். விருந்தினரிடம் ஓடிபி கேட்பதும் பின்னர் விசாரணை வந்தால் ஆளை அடையாளம் காணத்தான். உங்கள் வாட்ஸ்அப் உரையாடலைப் படிக்க எங்களால் முடியாது. முடிந்தாலும் அதற்கு நேரமில்லை.

பெற்றோர் ஒருவர், ஆவடி: விருந்தினர் வைஃபையில் இணைந்தும் ஓடிபி கேட்கும் பக்கமே வரவில்லை.

கைப்பேசியில் விபிஎன் (தகவலை வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் செயலி) ஓடுகிறதா, தனிப்பட்ட டிஎன்எஸ் (Private DNS) என்ற அமைப்பில் ஏதேனும் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் அந்தப் பக்கம் தடைபடலாம். தற்காலிகமாக அணைத்துவிட்டு வைஃபையை ஒரு முறை துண்டித்து மீண்டும் இணையுங்கள், வந்துவிடும்.