கேம் ஆடும்போது அணையும் கம்ப்யூட்டர்: மதர்போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். மற்ற வேலைகளில் தொந்தரவு இல்லை. கேம் ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் பட்டென்று அணைந்துவிடுகிறது. கேபினெட்டின் பின்பக்கம் கை வைத்தால் சுடுகிறது. சூட்டில் மதர்போர்டு போய்விட்டது, 9,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். மதர்போர்டு போயிருந்தால் பெரும்பாலும் மற்ற வேலைகளிலும் மக்கர் செய்திருக்கும். 

கை வைத்துப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. கேம் ஓடும்போது பின்பக்கம் அனல் வரத்தான் செய்யும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் லாகிங்கை (சூட்டின் அளவுகளைத் தொடர்ந்து ஒரு ஃபைலில் பதியும் வசதி) ஆன் செய்துவிட்டு ஆடுங்கள். அணைந்தபின் அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள். உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் உச்சம் 90 டிகிரி; கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியா சொல்வது 93. எல்லையை நெருங்கினால் இரண்டுமே முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கும். எடுத்த எடுப்பில் அணையாது.

ஃபைலின் கடைசி அளவுகள் 70, 75 என்றுதான் இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி. அதன் உள்சூடு அந்த ஃபைலில் வரவே வராது. கேபினெட்டோடு 'ஃப்ரீ'யாகத் தந்ததா? கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ் என்றிருக்கும். அதை விடுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர்? 18 என்றிருந்தால் 12 ஆல் பெருக்குங்கள்: 216 வாட்ஸ். உங்கள் கார்டு மட்டுமே 170 கேட்கும், பிராசசர் 65க்கு மேல். கூட்டினால் கணக்கு உதைக்கிறது. இந்தக் கார்டுக்கு என்விடியாவே 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது. ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம் என்ற நிலைமையில், வாங்குகிறவர்தான் பெருக்கல் போட வேண்டியிருக்கிறது! கார்டுக்கு வரும் வயர் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வராமல் கன்வெர்ட்டர் போட்டு ஒட்டவைத்திருந்தால், இன்றே கேமை நிறுத்துங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு: யுபிஎஸ். அணையும்போது மானிட்டர் 'நோ சிக்னல்' காட்டுவது வேறு, மானிட்டரின் விளக்கே அணைவது வேறு. கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்து, இரண்டும் சேர்ந்து அணைந்தால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். யுபிஎஸ் மேல் எழுதியிருக்கும் 600 விஏ என்பது 600 வாட்ஸ் அல்ல. வீட்டு யுபிஎஸ்களில் அது ஏறக்குறைய 360 வாட்ஸ்தான். மானிட்டரையும் சேர்த்தால் கேமில் அதன் விளிம்புக்கே போய்விடுவீர்கள். தெரு முழுக்க ஏசி ஓடும் கோடை ராத்திரியில் வோல்டேஜ் இறங்கும், யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், பழைய பேட்டரி தாங்காது. காலையில் அதே கேம் ஒழுங்காக ஓடும். அதை வைத்து 'ராத்திரிச் சூடு' என்று கதை கட்டுவார்கள். எர்த் சரியாக உள்ள சுவர் பிளக்கில் நேராகச் சொருகி ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

பிராசசர்தான் 90ஐத் தொடுகிறது என்றால் தூசி தட்டி, பிராசசருக்கும் அதன் மேலுள்ள கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும். ஆனால் கூலரை வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். உங்கள் வகை சாக்கெட்டில் காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டி, அணைத்து, பிளக்கை உருவி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, சூடு ஆறுமுன் கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால், 'பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்' என்பவரிடம் வாங்காதீர்கள். பில் இருந்தாலே வாரன்ட்டிக்காக சர்வீஸ் சென்டரில் வாரக்கணக்கில் அலையவிடுகிறார்கள்.

அந்தக் கடைக்காரரிடமே திரும்பப் போவதானால், வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஒரு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.