பப்புவா மொழிகள்: மலை மட்டும்தான் காரணமா?

ஐயா, வணக்கம்.

பப்புவா நியூ கினி நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் இருப்பதாகப் படித்தேன். மக்கள்தொகையோ சுமார் ஒரு கோடிதான். மலையும் காடும் மக்களை ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் பிரித்ததால், ஒரே பப்புவா மூலமொழி இத்தனையாக உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், அங்கே பல மொழிகளில் ‘நான்’ என்பதற்கு ‘நா’ என்கிறார்களாம். தமிழோடு தொடர்பு இருக்குமோ?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

அந்த ‘நா’தான் உங்களை எழுத வைத்தது என்று ஊகிக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பப்புவா மொழிகள் என்ற பெயரைக் கேட்டால், திராவிட மொழிகள் மாதிரி ஒரே குடும்பம் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அது ‘மற்றவை’ என்று எழுதி ஒட்டிய பெட்டி. மலாய், தகலாக் வகையறாவான ஆஸ்திரோனேசிய மொழிகள் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் கடல்வழியாக அந்தப் பக்கம் வந்தன. (நீங்கள் சொல்லும் 800இலும் இருநூறு வாக்கில் இந்த வகைதான்.) அதற்கு வெகுகாலம் முன்பே, நாற்பது ஐம்பதாயிரம் ஆண்டுகளாக, நியூ கினியில் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஆஸ்திரோனேசியம் அல்லாத எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். திறந்து பார்த்தால் டஜன்கணக்கில் குடும்பங்கள். டிரான்ஸ் நியூ கினி என்ற பெரிய குடும்பம் நடுமலைத்தொடர் நெடுகப் பரவியிருக்கிறது. முன்னூறுக்கும் மேற்பட்ட மொழிகள், எவையெல்லாம் அதில் சேரும் என்பதில் இன்னும் தகராறு. டோரிசெல்லி, செபிக், ஸ்கோ என்று வேறு குடும்பங்கள். நியூ அயர்லாந்துத் தீவின் குவோட் போல எதோடும் ஒட்டாத தனிமொழிகளும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு தாய் இருந்தாளா? இருந்திருக்கலாம். ஆனால் மொழிகளை ஒப்பிட்டு மூலத்தைத் தேடும் முறை சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் போனால் கை விரித்துவிடும். போகன்வில் தீவின் ரோட்டோகாஸ் மொழிக்கு 12 எழுத்து போதும். ரோசல் தீவின் யேலி மொழியில் சுமார் 90 ஒலிகள். இரண்டும் ‘பப்புவா’தான். நியூ கினிக்கு மேற்கே, ஒரு காலத்தில் உலகத்துக்கெல்லாம் கிராம்பு போன தெர்னாத்தே, திதோரே தீவுகளின் மொழிகளும் அப்படியே. அங்கே சுல்தான்கள் ஆண்டார்கள். பப்புவா என்றதும் இறகுக் கிரீடம் வைத்த ஆளின் படத்தைப் போடும் பத்திரிகைகளுக்கு இது தெரிவதில்லை.

சரி, மலை. மலைக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். உயரமான பள்ளத்தாக்குகளில்தான் பெரிய மொழிகள் இருக்கின்றன. எங்கா மொழியை இரண்டு லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். மொழிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பது வடக்கே, செபிக் ஆற்றுப் படுகையிலும் அதை ஒட்டிய கடற்கரைப் பக்கத்திலும். அங்கே படகு போகும். மனிதர்களும் போனார்கள். மீனைக் கொடுத்து சேகோ பனை மாவு வாங்கினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், வெட்டிக்கொண்டும் செத்தார்கள். பக்கத்து ஊர் மொழிகள் இரண்டு மூன்று தெரிந்திருப்பது சாதாரணம். தெரிந்துகொண்டே தங்கள் மொழியைத் தனியாக வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

சில இடங்களில் வேண்டுமென்றே விலகியிருக்கிறார்கள். போகன்வில்லின் தெற்கே பூயின் மொழியில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. அதன் கிளையான உய்சாயில் அது அப்படியே தலைகீழ்: மற்றவர்கள் ஆண்பாலுக்கு வைக்கும் வடிவம் இங்கே பெண்பாலுக்கு, பெண்பாலுக்கு உரியது ஆண்பாலுக்கு. காலப்போக்கில் தானாகத் தேய்ந்து இப்படி ஆவது கடினம். யாரோ ஆரம்பித்து, ஊரே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஹுவான் தீபகற்பத்தில் செலெபெட் மொழி பேசும் ஓர் ஊரில் கூட்டம் போட்டே முடிவெடுத்திருக்கிறார்கள்: ‘இல்லை’ என்பதற்கு இனி ‘பியா’ வேண்டாம், ‘புங்கே’ என்போம் என்று. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தாங்கள் வேறு என்று காட்டத்தான். பப்புவா மொழிகளை ஆராய்ந்த மொழியியலாளர் டொனால்ட் லேகாக்கிடம் செபிக் பகுதிக்காரர் ஒருவர், எல்லாரும் ஒரே மாதிரி பேசினால் யார் எந்த ஊர் என்று எப்படித் தெரியும் என்ற பொருளில் கேட்டிருக்கிறார். எல்லாரையும் ஒரே மொழிக்குள் இழுக்கும் பேரரசு எதுவும் அந்தத் தீவில் எழவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த வேலையை, ஆங்கிலச் சொற்களை வைத்து உருவான பொதுமொழியான டோக் பிசின் செய்கிறது. கீழ்ச் செபிக் பக்கம் காபுன் என்ற ஒரே சிற்றூரின் தனிமொழியான தாயாப்பை நூறு பேர்கூடப் பேசுவதில்லை. குழந்தைகள் டோக் பிசினுக்கு மாறிவிட்டார்கள்.

இனி ‘நா’. டிரான்ஸ் நியூ கினி குடும்பத்தின் மூலமொழியில் தன்மை ஒருமை ‘நா’, முன்னிலை ஒருமை ‘கா’ போல இருந்திருக்கும் என்று மொழியியலாளர் மால்கம் ராஸ் மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார். அவர் ஒற்றை அசையை வைத்துச் சொல்லவில்லை. நான், நீ, அவன், நாம் என்று முழு வரிசையும் நூற்றுக்கணக்கான மொழிகளில் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். நம் ‘நீ’க்கும் அந்தக் ‘கா’வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போதாக்குறைக்கு நம் ‘நான்’ அவ்வளவு பழையதும் அல்ல. தொல்காப்பியம் சொல்வது ‘யான்’. பழங்கன்னடத்தில் ‘ஆன்’. ‘நாம்’ என்பதைப் பார்த்து ஒருமைக்கும் பின்னால் ‘ந’ ஏறியது என்பதே பொதுவான விளக்கம். பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை கூட வேண்டும். இங்கே கரைந்துபோகிறது.

தமிழர்களுக்கு அந்த மொழிகளில் சுவாரசியமாக இருக்கக்கூடியது வேறு: வினையெச்சம். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் போனான்’ என்று நாம் கோப்பதுபோல அவற்றில் பலவும் கோத்துக்கொண்டே போகும், முற்று கடைசியில் வரும். ‘அவன் வந்து சாப்பிட்டான்’ என்றால் ஒரே ஆள். ‘அவன் வர, நான் சாப்பிட்டேன்’ என்றால் ஆள் மாறுகிறது. இதை நாம் ஓரளவுக்குத்தான் பிரிக்கிறோம். அவற்றில் பல மொழிகள், அடுத்து வரும் வினையைச் செய்பவர் அதே ஆளா வேறு ஆளா என்பதை ஒவ்வொரு எச்சத்திலும் விகுதி போட்டே சொல்லிவிடும். உறவுமுறையால் வந்த ஒற்றுமை அல்ல இது. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பலவற்றில் இப்படிக் கோக்கும் வழக்கம் உண்டு.