அரிசிப் பானைக்குள் இருந்த கூலிக் கணக்கு

கேள்வி: நான் பி.காம். முடித்திருக்கிறேன். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் தொழிலாளர் இழப்பீட்டு கிளைம் பார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன வேலை அது? மேலே வர வழி உண்டா? பெண்பிள்ளைக்கு அலைச்சல் வேலை வேண்டாம் என்கிறார் அப்பா.
- வாசகி, குழித்துறை

பதில்: போய்ச் சேர் மக்களே. நாகர்கோவிலில் முப்பது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவள் சொல்கிறேன்.

விபத்துத் தகவல் வந்ததும் ஃபைல் உன் மேசைக்கு வரும். பாலிசி அன்று நடப்பில் இருந்ததா, அடிபட்டவர் அந்த முதலாளியிடம்தான் வேலை பார்த்தாரா, வேலை நேரத்தில் வேலையால் நேர்ந்ததா என்று பார்ப்பாய். இஎஸ்ஐ என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு உள்ளவர் என்றால் அது உன் ஃபைல் இல்லை. அப்புறம் வயசு, மாதக்கூலி. தொகை அந்த இரண்டில்தான் நிற்கிறது, தப்பும் அங்கேதான் நடக்கிறது.

2021 தை மாதம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர் பாம்பு கடித்து இறந்துபோனார். வயசு 40. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சருகில் நடப்பதே அந்த வேலை. அதனால் அதை வேலையால் நேர்ந்த விபத்தாக எடுப்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் மாதக்கூலி 8,000 என்று இருந்தது. வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார். சனிக்கிழமைதோறும் வாங்கின கூலி பென்சிலில் எழுதியிருந்தது, மழை நாளுக்குப் பெருக்கல் குறி. கூட்டினால் மாதம் 13,000 வந்தது.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டக் கணக்கில், இறப்புக்கு மாதக்கூலியில் பாதியை, வயசுக்கென்று சட்ட அட்டவணையில் கொடுத்திருந்த காரணி என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயசுக்கு 184.17. பதிவேட்டுப்படி 7,36,680 ரூபாய், நோட்டுப்படி 11,97,105. 'பதிவேடுதானே ஆதாரம்' என்றார் மேலதிகாரி. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படியெடுத்து, உடன் வேலை பார்த்த இரண்டு பேரின் வாக்குமூலத்தோடு குறிப்பு எழுதினேன். நோட்டுக் கணக்குதான் நின்றது.

அந்தச் சட்டப்படி இறப்புப் பணத்தை நேராகக் குடும்பத்தின் கையில் கொடுக்கக்கூடாது, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது. கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் அன்று 12 சதவீத வட்டி இருந்தது. அதனால் ஃபைலைத் தூங்கவிடாதே. அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

மேலே வருவதற்கு வழி உண்டு. மும்பையில் உள்ள இந்திய இன்சூரன்ஸ் கழகம் நடத்தும் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோஷிப் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுது. முடிந்தால் சட்டப் படிப்பும் படி; வக்கீல் எழுதும் மனுவில் எந்த வரி நிற்கும், எது நிற்காது என்று தெரியும். என் கூடச் சேர்ந்த இரண்டு பேர் ஃபெல்லோஷிப் முடித்து மண்டல அலுவலகத்தில் கிளைம் பிரிவையே பார்த்தார்கள். நம்ம விளவங்கோடு பிள்ளைக்கு மலையாளமும் வாயில் இருக்கும், எல்லைத் தோட்டங்களில் அது பெரிய உதவி.

அப்பாவிடம் சொல், அலைச்சல் உண்டுதான். நான் பெரும்பாலும் பகல் பஸ்ஸில் போய் சாயங்காலத்துக்குள் திரும்பினேன். போகிற வீட்டில் எனக்கு ஒரு நாளும் மரியாதை குறைந்ததில்லை. ஆண் அதிகாரியிடம் அந்த அம்மா பானைக்குள் கை விட்டிருப்பாரா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.