கணவரை இழந்த ஐம்பது வயதுப் பெண் தனியாக ஊர் சுற்றலாமா? பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்களே?

தாராளமாகப் போகலாம். நானும் அதே இடத்திலிருந்து கிளம்பியவள் என்பதால் சொல்கிறேன்.

என் கணவர் 2019-இல் தவறினார். அதற்கு முன் நான் ஊர் பார்க்காதவள் இல்லை. திருப்பதி, பழனி, குருவாயூர் என்று குடும்பத்தோடு போகாத இடமில்லை. ஆனால் எந்த ஊரை நினைத்தாலும் புளியோதரைப் பொட்டலமும், பைகளை எண்ணிக்கொண்டே இருந்ததும்தான் ஞாபகம் வருகிறது. எப்போது கிளம்புவது, எங்கே சாப்பிடுவது என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். நான் எடுத்து வைப்பேன்.

தனியாகப் போன முதல் ஊர் கும்பகோணம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தாராசுரம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். முன்பும் போயிருக்கிறேன், வெயில் ஏறுவதற்குள் காரில் ஏறு என்று கிளப்பிவிட்டார்கள். இந்த முறை காலையில் நுழைந்து நடை சாத்தும்வரை இருந்தேன். யானையும் காளையும் ஒரே தலையோடு நிற்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தேன். கருவறைச் சுவரைச் சுற்றி அறுபத்து மூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேனோ! 'வா, போகலாம்' என்று சொல்ல ஆளில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. வீட்டில் அழ முடியாது, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். தெரியாத ஊரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதால் யாரும் தேற்ற வரமாட்டார்கள். எனக்கு அது தேவையாக இருந்தது. உங்களுக்கும் வரலாம், தடுக்காதீர்கள்.

பெண் தனியாக அலையலாமா என்று கேட்கிற உறவினர்களிடம் நான் காரைக்கால் அம்மையாரைச் சொல்வேன். கணவன் பிரிந்தபின் பேயுருவம் வேண்டிப் பெற்று, கயிலைக்குத் தலையால் நடந்து, திருவாலங்காடு போய்ச் சேர்ந்தவர். சின்ன வயதில் பக்திக் கதையாகத்தான் கேட்டேன். ஒரு பெண் தனியாக நடக்க அழகையெல்லாம் உதறிப் பேயாக வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. நமக்கு அந்த நிலை இல்லை.

சங்கடங்கள் உண்டு. ஒரு லாட்ஜில் "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டு ரூம் இல்லை என்றார்கள். அடுத்த தெருவில் ஆதாரை மட்டும் பார்த்துச் சாவியைக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் முதலிலேயே போன் செய்து, தனியாகத்தான் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இருட்டுவதற்கு முன் ஊர் போய்ச் சேர்கிற மாதிரி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். 45 வயது தாண்டிய பெண் தனியாகப் போனால் ரயிலில் லோயர் பெர்த் கோட்டாவில் பதியலாம். ரயிலில் ஏதாவது என்றால் 139, பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. கையில் காசில்லாமல் மகனிடம் கேட்க வேண்டியிருக்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

பிள்ளைகள் பாசத்தில்தான் தடுக்கிறார்கள். "நாங்க கூட்டிட்டுப் போறோமேம்மா" என்றுதான் என் மகனும் சொன்னான். "நீ கூட்டிட்டுப் போனா உன் லீவுக்குள்ள பார்க்கணும்டா, எனக்கு நின்னு பார்க்கணும்" என்றேன். ரயில் எண்ணையும் லாட்ஜ் போன் நம்பரையும் அவனுக்கு அனுப்பிவிடுவேன். இப்போது அவனே டிக்கெட் போட்டுத் தருகிறான்.

காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊராக ஒன்றை முதலில் எடுங்கள். ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. அம்மையாருக்காக மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். நான் போகிறேன். முடிந்தால் நீங்களும் தனியாகவே கிளம்பி வாருங்கள்.