எனக்கு விமான நிலையத்தில் தடை, அவருக்கு?

கேள்வி: எனக்கு இரண்டு லோரி இருக்கிறது. தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி ஆலையில் இறக்குவதுதான் தொழில். பழைய வரி பாக்கி 23,000 வெள்ளி. தாய்மாமன் இறந்த செய்தி கேட்டு, திருச்சிக்குக் கிளம்பி கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்குப் போனேன். குடிநுழைவு முகப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குக்கு 169 கோடி வெள்ளி வரி பாக்கி என்று படித்தேன். அப்போதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகத்தானே இருந்தார்? சின்னவனுக்கு ஒரு சட்டம், பெரியவனுக்கு ஒரு சட்டமா? நான் மட்டும் எதற்குக் கட்ட வேண்டும்?
– லோரி உரிமையாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, முதலில் உங்கள் மாமாவுக்கு என் அஞ்சலி. சாவு வீட்டுக்குப் போகமுடியாமல் போன வேதனைக்கு என் பதில் ஈடாகாது. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. இதே சுங்கை சிப்புட்டில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். ஏப்ரல் பிறந்தால் இதே கேள்வியை யாராவது ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்காமல் போவதில்லை.

ஏட்டில் இருக்கும் சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆவது பிரிவின்படி, பாக்கி வைத்தவர் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கும்படி வரித்துறைத் தலைமை இயக்குநர் குடிநுழைவுத் துறையைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை. 106ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இன்னும் கடுமையானது. பாக்கிக்காக வழக்குப் போட்டுவிட்டால், 'தொகை அதிகம், கணக்கு தப்பு, மேல்முறையீடு போட்டிருக்கிறேன்' என்று நீங்கள் சொல்லும் எதையும் நீதிமன்றம் கேட்காது. முதலில் கட்டு, பிறகு வாதாடு என்பதுதான் நடைமுறை.

இந்த உட்பிரிவு நஜிப் ரசாக்கையும் பிடித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 2011 முதல் 2017 வரையிலான வரிக்காக 2019 ஜூனில் அவர்மீது வழக்குப் போட்டார்கள். 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் முழு விசாரணை இல்லாமலேயே 169 கோடியையும் கட்டச் சொன்னது. 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வரி கேட்ட அந்தப் பணம் நன்கொடை, வழக்கு அரசியல் நோக்கம் கொண்டது என்பது அவர் தரப்பு வாதம். அந்த உட்பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். உங்களையும் கட்டிப்போடும் உட்பிரிவு அதுதான் ஐயா. அதை எதிர்த்துப் பெரிய வழக்கறிஞர்களை வைத்து வருடக்கணக்கில் நிற்க உங்களால் முடியுமா? இரண்டு லோரியையும் விற்றாலும் முடியாது.

வித்தியாசம் எங்கே என்றால், சட்டம் எப்போது விழிக்கிறது என்பதில்தான். மாதச் சம்பளக்காரருக்குப் பணம் கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். 1995இலிருந்து அப்படித்தான். உங்களைப் போன்ற சொந்தத் தொழில்காரருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தவணை. ஒன்று தவறினாலும் 10 விழுக்காடு கூடுதலாக ஏறும். அவர் விஷயத்திலோ 2011ஆம் ஆண்டு வரிக்கு 2019இல்தான் வழக்கு வந்தது. 2011 முதல் 2017 வரை முழுக்க அவர் பிரதமர் மட்டுமல்ல, நிதியமைச்சரும்கூட. வரி வாரியம் நிதியமைச்சின் கீழ்தான் இருக்கிறது. அவர் கணக்கில் கோடிக்கணக்கில் பணம் வந்த செய்தி 2015 ஜூலையிலேயே உலகம் முழுக்கப் பரவியிருந்தது. 2018 மே 9 தேர்தலில் ஆட்சி போகும்வரை எந்த வரி வழக்கும் வரவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அமைச்சரின் கோப்பைத் திறக்க அந்த அமைச்சரே பதவி இழக்கும்வரை காத்திருக்கும் துறை, உங்கள் கோப்பைத் திறக்க ஒரு நாளும் காத்திருக்கவில்லை.

பயண விஷயத்திலும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்சி போன மூன்றாம் நாளே அவருக்கும் வெளிநாடு போகத் தடை வந்தது. ஆனால் அது வரிக்காக அல்ல, 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பண விவகாரத்துக்காக. அப்புறம் 2021 அக்டோபரில், சிங்கப்பூரில் இருந்த மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார். நீதிமன்றம் கடப்பிதழைத் தற்காலிகமாகத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் 169 கோடிக்கு இரண்டு நீதிமன்றங்களின் தீர்ப்பு வந்திருந்தது. திவால் அறிவிப்பும் வந்திருந்தது. பெற்ற மகளைப் பார்க்கப் போனதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு நீதிபதி இருந்தார். உங்கள் துக்கத்தைச் சொல்ல முகப்பில் இருந்த அதிகாரி மட்டும்தான், அவரிடமும் 'தடை இருக்கிறது' என்ற ஒரே பதில். உங்கள் பாக்கியைப் போல 73 ஆயிரம் பேருடைய பாக்கியைச் சேர்த்தால்தான் அவருடைய தொகை வரும்.

அதற்காகக் கட்டாமல் விடாதீர்கள். கட்டாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, லோரியும் பயணமும் போவது உங்களுக்குத்தான். பாக்கியை மொத்தமாகக் கட்ட முடியாது என்றால், மாதம் எவ்வளவு முடியும் என்று எழுதி, வங்கி அறிக்கையோடு வரி அலுவலகத்தில் தவணை கேளுங்கள். தவணை ஒப்புதலோடு நிறுத்திக்கொள்ளாமல் தடையை நீக்கும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். பயணச்சீட்டு வாங்கும் முன்பே குடிநுழைவுத் துறையின் இணையப்பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அடுத்த முறை வரி மதிப்பீடு தப்பாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுப் பாரம் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று, ஆலையின் எடைச் சீட்டு. உங்களைப் போன்ற ஒருவர் போன வருடம் பிஸ்கட் டின் நிறைய எடைச் சீட்டு கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் பாதிச் சீட்டு வெள்ளைத் தாளாக இருந்தது. சூடுபட்டு அச்சாகும் தாள் அது, சீக்கிரம் எழுத்து மறைந்துவிடும். டீசல் ரசீது, டயர் ரசீது எல்லாம் அதே கதிதான். எழுத்து இல்லாத ரசீதுக்குச் செலவு கழிக்க முடியாது, அதனால் வரி ஏறியது. சட்டப்படி 7 வருடம் ஆவணத்தை வைத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டு கைக்கு வந்த அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, மாதவாரியாகப் போட்டு வையுங்கள்.

கேள்வி: நாங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை. வரி கட்டாதவர்களுக்கு முன்னாள் பிரதமரின் வரி பாக்கியைப் பற்றிக் கேட்க உரிமை உண்டா என்று என் கொழுந்தன் கேட்கிறார்.
– வாசகி, தோட்டப்புறம், பேராக்

பதில்: அம்மா, நீங்கள் வரி கட்டியிருக்கிறீர்கள். 2015 ஏப்ரல் 1இல் ஜி.எஸ்.டி. என்ற பொருள் சேவை வரி வந்தபோது 10 வெள்ளி கைப்பேசி டாப் அப்புக்கு 10 வெள்ளி 60 காசு கொடுத்தது நினைவிருக்கிறதா? அந்த 60 காசு வரிதான். சோப்பிலும் பற்பசையிலும் 6 விழுக்காடு போனது. 2018 ஜூனில்தான் அதைச் சுழியமாக்கினார்கள், செப்டம்பரில் எஸ்.எஸ்.டி. என்ற பழைய விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவந்த நிதியமைச்சர் வேறு யாருமில்லை, மேலே சொன்னவர்தான். எந்த ஆண்டுகளின் வரிக்காக அவர்மீது வழக்கு வந்ததோ, அதே 2015, 2016, 2017ஆம் ஆண்டுகளில், பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகும் தோட்டத்துப் பெண்கள் கடை வாசலில் நின்று தங்கள் பங்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடனுக்கு வாங்கிய சோப்பிலும் அந்த வரி இருந்தது. உங்கள் கொழுந்தனிடம் இதைச் சொல்லுங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாரும் சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும் என்று 2019 ஜூலையில் மக்களவையில் தீர்மானம் நிறைவேறியது. நல்லதுதான், ஆனால் எனக்கு அது போதாது. சொத்து எவ்வளவு என்பது ஒன்று, அதற்கு வரி கட்டினாரா என்பது வேறு. யாருடைய வரி விவரத்தையும் அதிகாரிகள் வெளியில் சொல்லக்கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு தடுக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த ரகசியம் தேவை. அமைச்சராக இருப்பவருக்கு எதற்கு? அடுத்த முறை உங்கள் தோட்டத்துக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம், பதவியில் இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் தன் வரி ரசீதை மக்களுக்குக் காட்டுவாரா, வரி வாரியத்தை நிதியமைச்சரின் கையிலிருந்து எடுக்க நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வையுங்கள்.