கவிழ்ப்பது இருக்கட்டும், நிமிர்த்துவது யார்?

கேள்வி: இன்னொரு நாட்டுச் சர்வாதிகாரியைப் படை கொண்டுபோய்க் கவிழ்ப்பது தர்மமா?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: ஆரியங்காவிலிருந்து ஒருவர் 'கவிழ்ப்பது' என்று எழுதினால் எனக்குப் புளியரை எஸ் வளைவுதான் ஞாபகம் வரும். போன மாதம் அங்கே வைக்கோல் லாரி ஒன்று கவிழ்ந்தது. பின்னால் வந்த புனலூர் பஸ்ஸில் நான் இருந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் சாய்ந்துவிட்டது. அப்புறம் கட்டுக்கட்டாக வைக்கோலை இறக்கி, தென்காசியிலிருந்து கிரேன் வந்து, சங்கிலி மாட்டி நிமிர்த்த மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க ஒரு பெண் ஒவ்வொரு வண்டியிலும் வெந்நீர் கேட்டு நடந்தார். பாரம் மிஞ்சிய லாரியை மலை ஏற விடாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதியாயிற்று!

2003-இல் சதாம் உசேனை அமெரிக்கா கவிழ்த்த ஈராக்கிலும் இதே கதைதான். பாக்தாத் விழ மூன்று வாரம். மே மாதம் அமெரிக்கர்கள் ஈராக் ராணுவத்தையே கலைத்து, ஆயுதம் பழகிய லட்சக்கணக்கானவர்களை வேலையில்லாமல் தெருவில் விட்டார்கள். தேடிப்போன பேரழிவு ஆயுதமும் கிடைக்கவில்லை.

சரி, அதற்காக எந்தப் படையெடுப்பும் பாவம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்தக் கேள்வி-பதில் பக்கத்தில் பல வருடமாக நடக்கும் சண்டை இது. போல் பாட்டின் நாலு வருட ஆட்சிக்குள் கம்போடியாவில் 15 லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1979 ஜனவரியில் வியட்நாம் படை தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கொலைக்களம் மூடியது. வியட்நாம் போனது புண்ணியம் தேடி அல்ல, எல்லையில் அடி வாங்கியதால். போகட்டும், உயிர்கள் பிழைத்தன. ஐ.நா. சபையோ அதற்கப்புறமும் பத்து வருடத்துக்கு மேல் கம்போடியாவின் நாற்காலியைப் போல் பாட் தரப்புக்கும் கூட்டாளிகளுக்கும் விட்டுவைத்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வியட்நாம் அமர்த்திய புதிய அரசை இந்தியா 1980-இல் அங்கீகரித்தது. அந்த மட்டில் நம் நாடு சரியாக நடந்தது.

ஆக, ஜனங்களைக் கொன்று குவித்துக்கொண்டிருக்கிறான், உள்ளேயிருந்து தடுக்க நாதியில்லை என்றால் போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் கிரேனுக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தன் எல்லைப் பகுதியான ககேராவைப் பிடித்த உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனை விரட்டிக்கொண்டே போய் 1979 ஏப்ரலில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவைக் கைப்பற்றியது அதிபர் நியெரேரேயின் தான்சானியா. நியாயமான போர். 1980 டிசம்பரில் அங்கே, முன்பு அமீன் கவிழ்த்த அதிபர் ஒபோட்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். 1981-இல் தான்சானியப் படை ஊர் திரும்பியது. ஒபோட்டே ஆட்சியில் உகாண்டாவின் லுவேரோ வட்டாரத்தில் திரும்பவும் பிணங்கள் விழுந்தன. நியெரேரே மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் இந்தக் கணக்கில் அவருக்கும் பங்கு இருக்கிறது.