வாசகர் கேள்விகள்: பணம் வராத வாரத்துக்கும் கோரிக்கை பதிய வேண்டுமா?

கேள்வி: நான் அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனத்தில் ஏழு வாரங்களுக்கு முன் நடந்த ஆட்குறைப்பில் என் வேலை போய்விட்டது. மறு வாரமே வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். முதல் மூன்று வாரங்கள் வாராந்திரக் கோரிக்கையைத் தவறாமல் பதிந்தும், இணையக் கணக்கில் ‘நிலுவை’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. பணமே வராதபோது பதிவது எதற்கு என்று நான்காம் வாரத்திலிருந்து விட்டுவிட்டேன். தொலைபேசியிலும் ஆள் கிடைப்பதில்லை. இதற்கிடையே நிறுவனம் எட்டு வாரச் சம்பளத்துக்கு ஈடான பிரிவுத்தொகை ஒன்றைக் கொடுத்திருக்கிறது. நான் எங்கே தவறு செய்தேன்? — ஒரு வாசகி

பதில்: கோரிக்கை பதிவதை நிறுத்தியதுதான் தவறு. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் இந்த வாரக் கோரிக்கையைப் பதிந்து விடுங்கள். முதல் விண்ணப்பம் என்பது உங்களுக்குத் தகுதி உண்டா, வாரத்துக்கு எவ்வளவு என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வாராந்திரக் கோரிக்கையோ, அந்தக் குறிப்பிட்ட வாரத்தில் வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா, வேலை தேடினீர்களா, ஏதேனும் சம்பாதித்தீர்களா, வந்த வேலையை மறுத்தீர்களா என்ற கேள்விகளுக்கு உறுதிமொழியாக நீங்கள் அளிக்கும் பதில். அந்தப் பதில் இல்லாத வாரத்துக்கு, நாளை தீர்ப்பு முழுவதும் உங்கள் பக்கமே வந்தாலும், அலுவலகத்தால் பணம் கொடுக்க இயலாது. பதிந்து காத்திருக்கும் வாரங்களுக்கான தொகை, தீர்ப்பு வந்ததும் மொத்தமாக வந்து சேரும். விடுபட்ட வாரங்களைத் தாமதமாகப் பதியத் தக்க காரணத்தைப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே அவற்றையும் காரணத்துடன் எழுதிக் கேளுங்கள். கணக்கு செயலற்றதாகியிருந்தால் அதை மீண்டும் திறக்கும்படியும் கேட்க வேண்டும்.

மாநிலத்தின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. அது முக்கியம். ஏனெனில் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் காப்பீட்டுக்கு ஒரு பொதுச் சட்டகத்தைத் தந்ததே தவிர, தொகை, காலம், விதிகள் ஆகியவற்றை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அதிகபட்சம் 26 வாரங்கள் கொடுக்கின்றன. சில மாநிலங்களில் அது மிகவும் குறைவு. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பதிவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஒவ்வொரு வாரமும் பதிய வேண்டும். பல மாநிலங்களில் தகுதி பெற்ற முதல் வாரம் ‘காத்திருப்பு வாரம்’ எனப்படும். அதற்குப் பணம் இல்லை என்றாலும் கோரிக்கை பதிந்தால்தான் அது கழியும். இந்த நுணுக்கம் தெரியாமலேயே பலர் முதல் வாரத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

இனித் தாமதத்துக்கு வருவோம். காத்திருப்பு வாரம் உள்ள மாநிலங்களில், பணத்துக்குரிய முதல் வாரம் முடிந்த 14 நாட்களுக்குள்ளும், காத்திருப்பு வாரம் இல்லாத மாநிலங்களில் 21 நாட்களுக்குள்ளும், 87 விழுக்காடு முதல் தவணைகள் போய்ச் சேர வேண்டும் என்பது மத்திய அரசு மாநிலங்களுக்கு வைத்திருக்கும் அளவுகோல். எஞ்சிய வழக்குகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு கேள்வி தீர்க்கப்படாமல் நிற்கும். உங்கள் கடிதத்திலேயே அப்படி ஒன்று கண்ணில் படுகிறது, அந்தப் பிரிவுத்தொகை. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அது உதவித்தொகையைத் தள்ளிப்போடக்கூடும். கலிபோர்னியாவில் பொதுவாக அது குறுக்கே நிற்பதில்லை. நியூயார்க்கில் தொகையின் அளவையும், வேலை போன எத்தனை நாட்களுக்குள் அது கைக்கு வந்தது என்பதையும் பார்ப்பார்கள். நீங்கள் அதைத் தெரிவிக்காமல், நிறுவனம் மட்டும் தெரிவித்திருந்தால், இரண்டு விவரங்களும் பொருந்தாமல் கோப்பு நின்றுபோக அதுவே போதும்.

இன்னொரு காரணம் நம்மவர்களுக்கே உரியது. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், சம்பளப் பட்டியலில் அது வெறும் தலைப்பெழுத்தாகவும், சமூகப் பாதுகாப்பு அட்டையில் முன்பின் மாறியும் இருப்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. அடையாளச் சரிபார்ப்பைச் செய்யும் கணினிக்கோ இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். கணக்கில் அடையாள ஆவணம் கேட்டுச் செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்டிருந்தால், பெயர் வேறுபாட்டை விளக்கும் இரண்டு வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

தொலைபேசியில் பேச ஆள் கிடைக்கும்போது “பணம் எப்போது வரும்?” என்று கேட்பதில் பயனில்லை, எதிர்முனையில் இருப்பவருக்கும் அது தெரியாது. எந்த வாரத்தில் எந்தக் கேள்வி நிலுவையில் உள்ளது, அது ஆராயும் அலுவலரிடம் என்று சென்றது, என்னிடமிருந்து ஏதேனும் தேவையா என்று கேளுங்கள். பதிலையும் நாளையும் குறித்துக்கொண்டு, அதையே இணையக் கணக்கின் வழியாகவும் எழுதி அனுப்புங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். தொகுதி மக்களின் கோப்புகளை அரசுத் துறைகளிடம் விசாரிப்பது அவர்களுடைய அன்றாட வேலைகளில் ஒன்று. இது சிபாரிசு பிடிப்பது ஆகாது, தயங்க வேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதிலுள்ள மேல்முறையீட்டுக் கெடுவை உடனே பாருங்கள். டெக்சாசில் 14 நாட்கள், கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30 நாட்கள். மேல்முறையீடு நடக்கும் காலத்திலும் கோரிக்கை பதிவதை நிறுத்தக் கூடாது. நிறுவனத்தின் பக்கமிருந்து மேல்முறையீடு வந்தால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தகுதி உண்டு என்று முடிவான பிறகு, நிறுவனம் மேல்முறையீடு செய்த ஒரே காரணத்துக்காகப் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1971-இல் கலிபோர்னியா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: என் கணவர் உதவித்தொகை பெற்றுக்கொண்டே, சென்ற வாரம் ஒரு கடையில் இரண்டு நாட்கள் வேலை செய்தார். சம்பளம் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். வந்த பிறகு தெரிவித்தால் போதுமா? — மற்றொரு வாசகி

பதில்: போதாது. வேலை செய்த வாரத்திலேயே, பிடித்தங்களுக்கு முந்தைய முழுச் சம்பளத்தையும் தெரிவிக்க வேண்டும். பணம் கைக்கு வரும் நாள் இங்கே கணக்கில் இல்லை. தெரிவித்தால் அந்த வார உதவித்தொகை முழுவதும் போய்விடும் என்பது பரவலான பயம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாஷிங்டனில் சம்பாத்தியத்தில் 5 டாலரை விட்டுவிட்டு, மீதியில் 75 விழுக்காட்டை மட்டுமே கழிக்கிறார்கள். அதாவது 205 டாலர் சம்பாதித்தால் 150 டாலர் குறையும். நியூயார்க்கில் வேலை செய்த மணி நேரத்தைப் பார்க்கிறார்கள். மறைத்தால், முதலாளிகள் காலாண்டுதோறும் அரசுக்கு அனுப்பும் சம்பள விவரத்துடன் ஒப்பிடும்போது அது வெளிப்பட்டுவிடும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் வாங்கிய தொகையுடன் குறைந்தது 15 விழுக்காடு அபராதமும் கட்ட வேண்டும். உங்கள் கணவர் ஏற்கெனவே ‘வருமானம் இல்லை’ என்று பதிந்திருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் அவரே எழுதித் திருத்திவிடட்டும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பிக்கு வேலை போய்விட்டது. அவனும் விண்ணப்பிக்கலாமா? — ஒரு வாசகர்

பதில்: வேறு வேலை கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருப்பவருக்கே இந்தக் காப்பீடு. எச்-1பி அனுமதி ஒரே முதலாளியுடன் கட்டப்பட்டது என்பதால், பொதுவாக இது கிடைப்பதில்லை. அவருடைய கவலை இப்போது உதவித்தொகையைவிட, புதிய முதலாளி மனு செய்வதற்கு அதிகபட்சமாகக் கிடைக்கும் 60 நாட்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவருடைய மனைவி எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டையுடன் பணியாற்றி வேலை இழந்திருந்தால் நிலைமை வேறு. அந்த அனுமதி எந்த முதலாளியுடனும் கட்டப்படாதது என்பதால், மற்றத் தகுதிகளும் இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம். அவருக்குத் தொகை வந்தால் அதற்கு மத்திய வருமான வரி உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். விரும்பினால் 10 விழுக்காட்டை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளச் சொல்லலாம்; ஆண்டுக் கணக்கு 1099-ஜி படிவத்தில் வரும்.